தேனால் எழுதிய அறிவிப்பு

கர்ர்க்... கர்ர்க்...

இருட்டிய கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் கேட்டது. குளக்கரைப் புதருக்கு அடியில் லில்லி என்ற முயலின் வளை இருந்தது. அதன் மரப்பட்டைக் கதவை யாரோ சுரண்டினார்கள். கதவை அவள் வெறுமனே சாத்தித்தான் வைத்திருந்தாள். பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத குட்டிகளை வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

"யாரது?" என்றாள்.

"நான்தாம்மா, காட்டுப்பூனை. நகம் மழுங்கிப்போச்சு. உன் கதவிலே கொஞ்சம் தீட்டிக்கிறேன்."

"எதுக்கு?"

"நாளைக்கு வேண்டியிருக்கும்" என்றது பூனை. பிறகு மெத்து மெத்தென்று நடந்து போய்விட்டது.

விடியும்வரை லில்லி கண்ணை மூடவில்லை.

காலையில் பக்கத்து வளைக் கீரி அக்கா வந்து கீறல்களைத் தடவிப் பார்த்தாள். "ஆழமா இழுத்திருக்கான். உள்பக்கம் ஒரு மூங்கில் கழியைக் குறுக்கே போடு. அதுதான் தாழ்ப்பாள்."

"வேண்டாம் அக்கா. கதவிலே அறிவிப்பு எழுதி வைக்கப்போறேன்."

"யாருக்கு? பூனைக்கா?"

"அவரும் படிச்சவர்தானே?"

கீரி அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனாள்.

லில்லி குளத்துப் பள்ளியில் படித்தவள். அங்கே வெள்ளை உடுப்பில் கொக்கு சிஸ்டர் இருந்தார். 'பேசக் கூடாது' என்று ஈர மண்ணில் அலகால் எழுதுவார். தவளைகள்கூட வாயை மூடிக்கொள்ளும். 'பூப் பறிக்காதே' என்று எழுதுவார்; குரங்குப் பிள்ளைகள் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்கள். எழுதிப்போட்டதை ஒருவர் மீறி லில்லி பார்த்ததே இல்லை.

கூடப் படித்த அணில் ரெஜினாவைக் கூப்பிட்டாள்.

"எதாலே எழுதப்போறே?" என்றாள் ரெஜினா.

"கரியாலேதான்."

"போடி. நாவல்பழச் சாற்றிலே வாலை முக்கி எழுதி மாட்டிக்கிட்டோமே, மறந்துட்டியா?"

"மறப்பேனா? உன் வால் மாசக்கணக்கா ஊதாவா இருந்துச்சே. சிஸ்டர் ரெண்டு பேரையும் ஒத்தைக் காலிலே நிக்க வெச்சாங்க."

"அவங்களுக்கு அது சுலபம். நமக்கு?"

குட்டிகள் பிறந்த பிறகு லில்லி அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தாள்.

இருவருக்கும் பழைய விளையாட்டுப் புத்தி வந்துவிட்டது. 'தயவுசெய்து' என்பதைக் கோழிக்கொண்டைப் பூவைக் கசக்கி எழுதினார்கள். 'து' குண்டாக வந்து, பூசணிக்காய்போல் உட்கார்ந்தது. நத்தை ஒன்றைக் கெஞ்சிக் கூத்தாடி, 'உள்ளே' என்று கதவின்மேல் நடக்க வைத்தார்கள். அது போன ஈரத் தடத்தில் மகரந்தப் பொடியை ஊதினார்கள். எழுத்து மஞ்சளாகப் பூத்தது. 'வராதீர்கள்' முழுவதையும் ரெஜினா தேனாலேயே எழுதினாள். வெயில் பட்டதும் அது பொன்னாக மின்னியது.

"சிஸ்டர் இப்போ பார்த்தா?" என்றாள் லில்லி.

"கோடு கோணல்னு சொல்லிட்டு, யாரும் இல்லாதப்போ வந்து ரசிப்பாங்க."

சாயங்காலம் கீரி அக்கா ஒரு கழியோடு வந்தாள். "இந்தாடி."

"அப்படி மூலையிலே வைங்க அக்கா. இந்தக் கடைசிப் புள்ளியை வெச்சுட்டு வரேன்."

புள்ளி வைத்து முடிப்பதற்குள் இருட்டிவிட்டது. ரெஜினா மரத்தில் ஏறிக்கொண்டாள். கழி மூலையிலேயே கிடந்தது.

பூனை வந்தது. நின்றது. நிதானமாகப் படித்தது.

"தயவுசெய்து உள்ளே வராதீர்கள். அடடா, எவ்வளவு அழகான எழுத்து. யாருகிட்டேம்மா படிச்சே?"

"கொக்கு சிஸ்டர்கிட்டே" என்றாள் லில்லி. அவளுக்குக் கொஞ்சம் நம்பிக்கைகூட வந்தது.

"நல்லா சொல்லிக்கொடுத்திருக்காங்க" என்ற பூனை, தலையால் கதவை முட்டித் தள்ளியது.

கதவு திறந்தது. ஒரு கால் உள்ளே வந்தது. குட்டி ஒன்று முனகியது. அதன் பக்கமாக நகம் நீண்டது.

அதற்குள் பூனையின் கன்னம் தேனில் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தத் தேனைத் தின்னக் கட்டெறும்புகள் மொய்த்துக் கிடந்தன. அவை மூக்கிலும் காதிலும் கண் இமையிலும் ஏறிப் பிடுங்கின. பூனை அலறிக்கொண்டு ஓடிக் குளத்தில் விழுந்தது.

மேலே கிளையில் ரெஜினா குதித்தாள். "நம்ம எழுத்து ஜெயிச்சிடுச்சுடி!"

லில்லி குட்டிகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். "எழுத்தை அவன் படிச்சான், பாராட்டினான், உள்ளேயும் வந்தான். எறும்புதான் காப்பாத்திச்சு. அது தினமுமா வரும்? இறங்கி வா, நீயும் உள்ளேயே படு."

ரெஜினா உள்ளே வந்ததும் லில்லி கதவைச் சாத்தினாள். மூங்கில் கழியைத் தூக்கி, உள்ளேயிருந்து குறுக்கே போட்டாள். அசைகிறதா என்று ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை.

நல்லவர்களுக்கு எழுதி வைத்தாலே போதும். கெட்டவர்களுக்குக் கதவைத் தாழிட்டுத்தான் ஆக வேண்டும்.