பச்சைக் கேனும் சிவப்புக் கேனும்

ஓர் ஊரில் குழந்தைகளைக் காப்பதற்கென்று ஓர் அரசு அலுவலகம் இருந்தது. அங்கே ஒரு பழைய ஜீப், ஒரு டெலிபோன், டீசல் ஊற்றிவைக்க இரண்டு கேன்கள். பச்சைக் கேனில் இருப்பது, பிள்ளைகளுக்குக் கெடுதல் வருவதற்கு முன்னால் போய்ப் பார்க்க. சிவப்புக் கேனில் இருப்பது, கெடுதல் நடந்த பிறகு ஓட. ஒன்றின் டீசலை மற்றதன் வேலைக்கு ஊற்றக்கூடாது என்பது மேலிடத்துச் சட்டம். சட்டம் போட்டவர்கள் அந்த ஜீப்பில் ஒருநாளும் ஏறியதில்லை.

ஆண்டு முடிவில் மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார்.

“நீ என்ன செய்தாய்?” என்று சிவப்புக் கேனைக் கேட்டார்.

“ஆஸ்பத்திரிக்கு ஓடினேன் ஐயா, போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினேன், கோர்ட்டுக்கு ஓடினேன். எல்லாவற்றுக்கும் போட்டோ இருக்கிறது.”

“நீ?”

பச்சைக் கேன் யோசித்தது. “குடித்துவிட்டு அடிக்கிற ஒரு தகப்பனிடம் இந்த அலுவலகத்து ஆட்களைப் பலமுறை போய்ப் பேசவைத்தேன். அவன் மகள் இப்போது தெருவில் நொண்டி விளையாடுகிறாள்.”

“பிள்ளைகள் விளையாடத்தான் செய்யும். அதில் உன் வேலை எங்கே தெரிகிறது?”

“தெரியாது ஐயா. ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் என் வேலை.”

அதிகாரி சிரித்துவிட்டார். கெட்டவர் இல்லை, கண்ணில் படாததற்கு டீசல் கொடுத்துப் பழக்கமில்லாதவர். அடுத்த ஆண்டு சிவப்புக் கேன் தளும்பத் தளும்ப வந்தது. பச்சைக் கேனின் அடியில் கொஞ்சம்தான் கிடந்தது.

அலுவலகப் பொறுப்பாளர் ஞானதிரவியத்துக்குப் பயம் வந்தது. “இதையும் வெட்டிட்டாங்கன்னா? போட்டோவுல விழுற மாதிரி ஏதாவது செய்யணும்லா” என்றார். ஜீப்புக்கு பேனர் கட்டினார்கள், மைக் கட்டினார்கள். குழந்தைகளைக் காப்போம் என்று முழங்கிக்கொண்டு ஊர் ஊராக ஊர்வலம் போயிற்று. பச்சைக் கேன் காலியானது.

திரும்பி வந்த ஜீப்புக்குப் பெருமை தாங்கவில்லை. “சுடலை கோயில் தெருவில் ஒரு பிள்ளை ஜன்னல் கம்பி வழியாகக் கையை நீட்டி நீட்டி எனக்கு டாட்டா காட்டியது” என்றது.

“நின்று பார்த்தாயா?” என்றது பச்சைக் கேன்.

“ஊர்வலத்தில் எப்படி நிற்பது? பின்னால் மேளம் வருகிறதே.”

சில நாள் கழித்து டெலிபோன் அடித்தது.

“சார், சுடலை கோயில் தெருவுலேருந்து இசக்கியம்மா பேசுதேன். பக்கத்து வீட்டுப் பிள்ளை முப்பிடாதிய அவ சித்தப்பன் உள்ள போட்டுப் பூட்டி வைக்கான். சோறு குடுக்கானோ என்னவோ. கொஞ்சம் வந்து பாருங்க.”

ஞானதிரவியம் பச்சைக் கேனை ஆட்டிப் பார்த்தார். “பிள்ளைக்குக் காயம் ஏதாவது பட்டிருக்காம்மா? பட்டிருந்தா உடனே வண்டி வந்துரும்.”

“காயம் படணும்னா சொல்லுதிய?”

அவர் போனை வைத்துவிட்டார். பஸ் ஏறியாவது போயிருக்கலாம். ஜீப்பை நம்பியே பழகியவருக்கு அது தோன்றவில்லை, அல்லது தோன்றியும் எழுந்திருக்கவில்லை.

டெலிபோனுக்குப் பொறுக்கவில்லை. “நீ தளும்பிக்கொண்டு நிற்கிறாயே. கொஞ்சம் கொடேன்” என்று சிவப்புக் கேனைக் கெஞ்சியது.

“எனக்கும் மனசு இருக்கிறது” என்றது சிவப்புக் கேன். “ஆனால் சட்டம் இருக்கிறதே. ஏதாவது நடக்கட்டும். முதல் ஆளாக வருகிறேன்.”

அந்த வாரமே டெலிபோன் மறுபடி அடித்தது.

“சூடு வச்சுட்டான் சார்” என்றாள் இசக்கியம்மா.

சிவப்புக் கேனின் மூடி உடனே திறந்தது. ஜீப் பறந்தது. சொன்ன சொல் தவறாமல் சித்தப்பனைப் பிடித்துக் கொடுத்தது, பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. போட்டோவும் எடுத்தார்கள்.

இரண்டு கையிலும் கட்டுப் போட்டிருந்த முப்பிடாதியை இசக்கியம்மா இடுப்பில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். வாசலில் நின்ற ஜீப்பைப் பிள்ளை உற்றுப் பார்த்தது.

“அத்த, இந்த வண்டிதான் அன்னைக்கு நம்ம தெருவுல வந்துச்சு. நான் கைகாட்டிக் கூப்பிட்டேன். நிக்கல.”

ஜீப்பின் டேங்க் நிறைய டீசல் இருந்தது.