கையை எடுத்தால் படம் போய்விடும்

ஒரு பெட்டி, ஒரு டிஷ், மூன்று பேர். விஷயம் இவ்வளவுதான். விடை கதைக்குள்ளேயே கிடக்கிறது. குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

அய்யலுசாமிக்குக் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் வேலை. ஆள் ஆறடிக்கு மேல். குனியாமல் எந்த வாசலிலும் நுழைந்ததில்லை. ஒரே மகள் கனகலட்சுமி ஹாக்கி ஆடுகிறாள். கோல்கீப்பர். அந்த வருஷம் ஜூனியர் பெண்கள் இறுதிப் போட்டி போபாலில் நடந்தது. தமிழ்நாட்டு அணிக்கு அவள்தான் காவல். மாலை நாலு மணிக்கு டி.வி.யில் நேரடியாகக் காட்டுகிறார்கள். மகள் டி.வி.யில் வருவது அதுதான் முதல் தடவை. போனில் படம் பார்க்கிற காலம் அந்தத் தெருவுக்கு இன்னும் வந்திருக்கவில்லை.

முந்தின நாள் ஆனிக் காற்று அவர் வீட்டு டிஷ்ஷைப் பிடுங்கித் தெருவில் எறிந்தது. அதன்மேல் தண்ணி லாரி ஏறியது. அப்பளம்.

அடுத்த வீடு கொம்பையாவுடையது. அங்கே அதே கம்பெனி டிஷ் மாடியில் நிற்கிறது. ஆனால் போன வாரம் விழுந்த இடியில் அவர்கள் செட்டாப் பெட்டி கருகிவிட்டது. அய்யலுசாமி தன் பெட்டியைத் துண்டில் சுற்றி, கைக்குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு போய் அவர்கள் வாசலில் நின்றார்.

"இதுக்கு என்ன அண்ணாச்சி கூச்சம்? நம்ம வீட்டுப் பிள்ளை ஆட்டம்," என்றாள் கொம்பையாவின் மனைவி சேர்மக்கனி. தெருவுக்கே இட்லி மாவு அரைத்துக் கொடுப்பவள், தெம்புக்குக் குறைவில்லை. உள்ளே இருந்த பதினாலு இஞ்ச் கவர்ன்மெண்ட் டி.வி.யைக் குடம் மாதிரி இடுப்பில் தூக்கிவந்து முன்னறையில் வைத்தாள்.

ஒயரைச் சொருகினார்கள். படம் வரவில்லை. மாடியில் போய்ப் பார்த்தால், இந்த டிஷ்ஷின் பிடியும் காற்றில் வளைந்து கிடந்தது. கயிறு கட்டினார்கள். செங்கல் முட்டுக் கொடுத்தார்கள். காற்று ஒரு தள்ளு தள்ளியதும் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. அது தள்ளத் தள்ள எதிரே தள்ள மனுஷக் கை ஒன்று வேண்டும்.

கொம்பையா பிடித்தார். டிஷ் இருந்தது உயரக் கம்பத்தில், அவர் குள்ளம். நுனிக்காலில் நின்றார். காலும் ஆடியது, டிஷ்ஷும் ஆடியது. ஸ்டூல் போட்டார். அந்தக் காற்றில் ஸ்டூலும் ஆடியது. சேர்மக்கனிக்கு எட்டவே இல்லை.

அய்யலுசாமி பிடித்தார்.

"வந்துட்டு!" கீழேயிருந்து கூச்சல். "அப்படியே நில்லுங்க அண்ணாச்சி! மூச்சு விடாதீங்க!"

இப்படியாக, அப்பன் மாடியில். மகள் கீழே முன்னறையில்.

கொம்பையா ஜன்னலில் தலையை நீட்டி ஆட்டத்தைச் சொன்னார். அய்யலுசாமிக்கு ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில், மாடித் தகரக் கொட்டகைக்குள், சேர்மக்கனியின் கிரைண்டர் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. "இந்தச் சனியனை நிறுத்து தாயி!" என்று கத்தினார். அவள் ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, வந்த வேகத்தில் திரும்பினாள்.

முதல் பாதியில் கோல் இல்லை. இரண்டாம் பாதியில் கொம்பையா அலறினார்: "போச்சு! விட்டுட்டா! உங்க மக கோல் விட்டுட்டா!"

அய்யலுசாமி ஜன்னல் பக்கம் கழுத்தை நீட்டினார். டிஷ் நடுங்கியது. "ஏய்யா, நல்லாப் பாரு! குச்சியால போஸ்டை ரெண்டு தட்டு தட்டுறாளா? தட்டுனாத்தான் என் மக!"

கொம்பையா பார்த்தார். தட்டவில்லை. இடைவேளைக்குப் பிறகு இரு அணிகளும் பக்கம் மாறும் என்பது அவருக்குத் தெரியாது. தலைக்கவசத்துக்குள் யார் முகம் தெரிகிறது? சட்டை நிறத்தைப் பார்க்கிற பழக்கமும் அவருக்கு இல்லை.

"அட, இது அடுத்தவன் மகளா! அப்போ நாமதான் கோல் போட்டிருக்கோம்!"

"இவர் வாயில சாணியை அடைக்க!" என்றாள் சேர்மக்கனி. "பெத்தவர் அங்க அந்தரத்துல தொங்குறாரு."

கடைசி நிமிஷத்தில் எதிரணியும் ஒன்று போட, ஆட்டம் சமனாகிவிட்டது. இனி ஷூட் அவுட். ஒருத்தி பந்தோடு தனியாக ஓடி வருவாள். தடுக்கக் கோல்கீப்பர் ஒருத்திதான். கனகலட்சுமி இப்படி ஐந்து பேரை மறிக்க வேண்டும். தொடங்க ஐந்து நிமிஷம் இருந்தது.

அய்யலுசாமியின் கை மரத்துப் போயிருந்தது. அது பெரிதில்லை. மகளைத் திரை நிறையக் காட்டப் போகிறார்கள். ஊரே பார்க்கும், அவரைத் தவிர. இந்தக் கொம்பையா வாயால் கேட்டு என்ன புண்ணியம்?

"நீங்க பாருங்க தாயி. எனக்கு வேண்டாம்," என்றார்.

சேர்மக்கனி முற்றத்துக்கு வந்து அண்ணாந்து அவரைப் பார்த்தாள். திரும்பி வீட்டுக்குள் பார்த்தாள். "எந்திரியும்," என்று புருஷனை ஒரு அதட்டு அதட்டினாள்.

அய்யலுசாமி இறங்கினால் யாருக்கும் படமில்லை. இறங்காவிட்டால் அவருக்கு இல்லை. டிஷ்ஷிலிருந்து கையை எடுக்காமலே மகளைப் பார்க்க வேண்டும். சேர்மக்கனி என்ன செய்தாள்? யோசித்துவிட்டு மேலே படியுங்கள்.

விடை: இறங்க முடியாதது அய்யலுசாமிதான், டி.வி. ஏறலாமே. இடுப்பில் வந்தது இடுப்பிலேயே மாடிக்குப் போனது. பின்னால் கொம்பையா பெட்டியும் ஒயருமாக ஓடினார். தகரக் கொட்டகை நிழலில் வைத்து, கிரைண்டர் பிளக் இருந்த இடத்தில் டி.வி. பிளக்கைச் சொருகினார்கள். அய்யலுசாமி டிஷ்ஷைப் பிடித்தபடி கழுத்தை மட்டும் திருப்பினார். திரையில் ஒருத்தி குச்சியால் போஸ்டை இரண்டு தட்டு தட்டினாள். ஐந்தாவது பந்தை அவள் காலால் உதைத்துத் தள்ளியதும் தமிழ்நாடு ஜெயித்தது. அய்யலுசாமி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு குதித்தார். அவ்வளவுதான், டிஷ் ஒரு சுற்றுச் சுற்றியது. கோப்பை வாங்கியதை மூன்று பேரும் பார்க்கவில்லை. "மாவு பாதியில நிக்கி அண்ணாச்சி," என்று சேர்மக்கனி டி.வி.யைப் பிடுங்கிவிட்டு கிரைண்டரைப் போட்டாள்.