ரெக்கார்டில் வாசித்த ஏகநாதன்

"மேடம், அந்த ரெக்கார்டுல வாசிச்சிருக்காரே, அவரை மாதிரி என்னால வாசிக்க முடியல" என்றார் ஏகநாதன்.

"யாரு அவரு?" என்று கேட்டார் தெல்மா.

"நான்தான்."

தெல்மா சிரிக்கவில்லை. துணியால் டபுள் பேஸின் தந்திகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆளைவிட உயரமான வாத்தியம் அது. பெரம்பூரில் அந்த வீட்டு முன்னறையில் பாதி இடம் அதற்கு, மீதி தெல்மாவுக்கு. கற்றுக்கொள்ள வருகிறவர்கள் கதவோரம் ஒண்டிக்கொள்ள வேண்டியதுதான்.

ஏகநாதனுக்கு வயது ஐம்பத்தொன்று. தெல்மாவுக்கு முப்பத்துநான்கு. இருந்தாலும் குரு தெல்மாதான்.

ஏகநாதன் காவல்துறை பேண்டில் இருபத்தாறு வருடமாக ட்ரம்பெட் ஊதுகிறவர். குடியரசு தினத்துக்கு ஊதியதையே சுதந்திர தினத்துக்கும் ஊதுவார், மயிரிழை பிசகாது. பிசகினால் மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும். அப்படிப்பட்ட மனிதரை ஆறு வருடத்துக்கு முன்னால் ஜாஸ் பிடித்துக்கொண்டது. அதில் தாளைப் பார்த்து வாசிக்கக் கூடாதாம். அந்த நேரத்தில் மனசில் எழுவதை வாசிக்க வேண்டுமாம்.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பார்கள். ஏகநாதன் வளைந்தார். கொஞ்சம் சத்தம் கேட்டது, அவ்வளவுதான்.

எட்டு மாதத்துக்கு முன்னால் தெல்மாவின் குழு ஒரு ரெக்கார்டு வெளியிட்டது. அதில் மூன்றாவது உருப்படியில் ஏகநாதன் தனியாக இரண்டு நிமிடம் வாசிக்கிறார். வினை அங்கேதான் ஆரம்பித்தது. அது எல்லாருக்கும் பிடித்துப்போய்விட்டது.

போலீஸ் குடியிருப்பில் பல் தேய்க்கும்போதுகூட அதை முணுமுணுக்கிறார்கள். பேண்டு மாஸ்டர் இன்ஸ்பெக்டர் சத்தியசீலன், யாரையும் வாயால் பாராட்டிய சரித்திரமே இல்லாதவர். அவருடைய போன் அடித்தாலும் அதுதான் ஒலிக்கிறது.

இன்னும் ஐந்து வாரத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு, எழும்பூரில் ஓர் அரங்கில் தெல்மா குழுவின் முதல் கச்சேரி. இன்ஸ்பெக்டர் தலைமையில் பேண்டுக்காரர்கள் முப்பது பேரும் டிக்கெட் வாங்கிவிட்டார்கள்.

"இதைப் பாருங்க மேடம்."

ஏகநாதன் பையிலிருந்து நான்கு தாள்களை எடுத்து நீட்டினார். ரெக்கார்டை நிறுத்தி நிறுத்திக் கேட்டு, தான் வாசித்ததைத் தானே ஸ்வரம் ஸ்வரமாக எழுதியிருந்தார். மூச்சு வாங்க வேண்டிய இடங்களுக்குச் சிவப்பு மை.

தெல்மா நான்கு தாளையும் பொறுமையாகப் படித்தார்.

"நல்லா இருக்கு. எத்தனை நாளா மனப்பாடம் பண்றீங்க?"

"ரெண்டு மாசமா. மூணாவது தாள்ல ஒரு இடம் வரவே மாட்டேங்குது. மூச்சு பத்தல."

"அன்னிக்கு வந்துச்சே."

"எங்க வந்துச்சு? ஏழு தடவை வாசிச்சேன். ஸ்டூடியோக்காரர் ரெண்டாவதோட தலையையும் ஆறாவதோட வாலையும் எடுத்து ஒட்டினாரு. நீங்களும் பக்கத்துலதான இருந்தீங்க? அதை ஒரே மூச்சுல யாருமே வாசிச்சதில்ல மேடம். நானும் வாசிச்சதில்ல. மேடை ஏறினா குட்டு உடைஞ்சிடும்."

எட்டு மாதமாக யாரிடமும் வாய்விட்டுச் சொல்லாமல் வைத்திருந்த சங்கதி.

தெல்மா தாள்களைத் திருப்பிக் கொடுத்தார்.

"கோவாவிலேர்ந்து பெனடிக்ட் குழு வருது. இந்த வெள்ளி, சனி, ஞாயிறு. மூணு நாளும் சாயங்காலம் வாசிக்கிறாங்க. அவங்க ரெக்கார்டு உங்ககிட்ட இருக்கில்ல?"

"தேய்ஞ்சு போற அளவுக்குக் கேட்டிருக்கேன்."

"மூணு நாளும் போங்க. ரெக்கார்டுக்கும் மேடைக்கும் என்னென்ன வித்தியாசம்னு எழுதிட்டு வாங்க."

இது ஏகநாதனுக்குப் பிடித்திருந்தது. போலீஸ்காரரை எழுதச் சொன்னால் சும்மா விடுவாரா? புது நோட்டு வாங்கினார். கோடு போட்டு நாலு பத்தி பிரித்தார். இடம், நேரம், தவறு, தவறிழைத்தவர்.

*

"முதல் நாள்?" என்று கேட்டார் தெல்மா.

"பதினேழு தப்பு மேடம்." ஏகநாதன் நோட்டைப் பிரித்து வாசித்தார். "ரெக்கார்டுல முதல் உருப்படி அஞ்சு நிமிஷம். இங்க பதினோரு நிமிஷம். பெனடிக்ட் சாக்ஸபோனை எடுத்துக்கிட்டு ரெண்டு இடத்துல தாமதமா வந்து சேர்ந்தாரு. பியானோக்காரர் ஆரம்பத்துல மெதுவா ஒரு பகுதி வாசிப்பாரே, அதை வாசிக்கவே இல்ல. ட்ரம்ஸ்காரர் குச்சியைக் கீழ போட்டுட்டாரு."

"ஜனங்க என்ன பண்ணாங்க?"

"கை தட்டினாங்க. குச்சி விழுந்ததுக்கும் தட்டினாங்க."

"ரெண்டாவது நாள்?"

"இருபத்துநாலு."

"கூடிப்போச்சே."

"கூடினதுகூடப் பரவாயில்ல மேடம். முதல் நாள் தப்பு ஒண்ணுகூட ரெண்டாவது நாள் வரல. அத்தனையும் புதுத் தப்பு. பழைய கேடின்னா ஒரே மாதிரிதான் திருடுவான், ஈசியா பிடிச்சிடலாம். இவங்களை என்ன பண்றது?"

"மூணாவது நாள்?"

ஏகநாதன் பக்கத்தைப் புரட்டினார். தேதி இருந்தது, கிழமை இருந்தது. அதற்குக் கீழே வெறும் தாள்.

"எழுதல."

"தப்பே இல்லையா?"

"தப்பைத் தவிர ஒண்ணுமே இல்ல மேடம். பெனடிக்டுக்கு நல்ல சளி. மேடைக்கு வரும்போதே தும்மிக்கிட்டுத்தான் வந்தாரு. ரெக்கார்டுல நீளமா இழுப்பாரே, அதுக்கெல்லாம் அவர்கிட்ட மூச்சே இல்ல. ரெண்டு ரெண்டு ஸ்வரமா வாசிச்சாரு. நிறுத்துவாரு. மறுபடி ரெண்டு. நடுவுல திரும்பி மூக்கைச் சிந்துவாரு. அந்த நேரம் பார்த்து பியானோக்காரர் பின்னாலேர்ந்து மெதுவா ஏதோ வாசிப்பாரு. சமாதானம் சொல்ற மாதிரி. இவரு அதுக்கு ஒரு பதில் வாசிப்பாரு. அப்புறம் அவரு..."

ஏகநாதன் நிறுத்திவிட்டார்.

"அப்புறம்?"

"அப்புறம் பேனா எங்க போச்சுன்னு தெரியல. பக்கத்து சீட்டுக்காரர் கர்ச்சீப்பை எடுத்துக் குடுத்தாரு. எனக்கும் சளின்னு நினைச்சிட்டாரு போல."

தெல்மா நோட்டை வாங்கி அந்த வெறும் பக்கத்தைப் பார்த்தார்.

"சரி. வீட்டுக்குப் போய் அவங்க ரெக்கார்டை மறுபடி கேளுங்க. அதுல என்னென்ன தப்பு இருக்குன்னு எழுதிட்டு வாங்க."

"ரெக்கார்டுலயா?"

"ரெக்கார்டுலதான்."

"எதோட ஒப்பிட்டு மேடம்?"

"மூணாவது நாளோட."

*

ஒரு வாரம் முழுக்க ஏகநாதன் அந்த ரெக்கார்டைக் கேட்டார். டியூட்டி முடிந்து வந்ததும் காதில் மாட்டிக்கொண்டு நோட்டும் கையுமாக உட்கார்ந்துவிடுவார். குற்றம் நடந்திருக்கிறது, தடயம்தான் கிடைக்கவில்லை என்கிற முகம்.

அவர் மனைவி செண்பகம் நாலு நாள் பொறுத்துப் பார்த்தார்.

"அப்படி என்னத்தத் தேடுறீங்க?"

"தப்பு."

"அதுக்கு எதுக்கு இவ்வளவு சிரமம்? என்னைக் கேட்டா இருபத்துநாலு வருஷத்துக்கும் பட்டியல் தருவேனே."

அடுத்த சனிக்கிழமை ஏகநாதன் பெரம்பூருக்குப் போனார்.

"எழுதினீங்களா?"

"ஒண்ணே ஒண்ணுதான் மேடம்."

நோட்டை நீட்டினார். தவறு என்று தலைப்பிட்ட பத்தியில் அழகான கையெழுத்தில் ஒரு வரி: பெனடிக்டுக்குச் சளி பிடிக்கவில்லை.

தெல்மா வாய்விட்டுச் சிரித்தார். ஆறு வருடத்தில் ஏகநாதன் அந்தச் சிரிப்பைக் கேட்டது அன்றுதான்.

*

இத்தோடு எல்லாம் புரிந்துவிட்டது என்று நினைத்தால் தப்பு. அவருக்குப் புரிந்தது பெனடிக்டின் சங்கதி. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்? கச்சேரிக்கு நாலு நாள் இருக்கும்போது ஏகநாதனுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாவது தாளை எடுப்பார், உடனே திருப்பி வைத்துவிடுவார்.

நேராகப் பெரம்பூருக்குப் போய்க் கதவோரம் நின்றார்.

"மேடம், பெனடிக்ட் பெரிய ஆளு. அவரு தும்மினாலும் காசு குடுத்துக் கேட்பாங்க. நான் யாரு? எங்க ஆளுங்க முப்பது பேரும் அந்த ரெக்கார்டைக் கேட்கத்தான் வர்றாங்க. அதைக் குடுக்கலன்னா ஏமாத்தின மாதிரி. குடுக்கலாம்னா என்னால முடியாது. நான் என்னதான் பண்றது?"

"தாளை மேடையில வச்சிக்கிறீங்களா?"

"வச்சிக்கலாமா?"

"வச்சிக்கோங்க."

கூடாது என்று சொல்வார், இரண்டு திட்டு திட்டுவார் என்று எதிர்பார்த்துத்தான் ஏகநாதன் போயிருந்தார். அனுமதி கிடைத்ததும் பயம் இரண்டு மடங்காகிவிட்டது.

"வேற ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா மேடம்?"

"ஸ்டாண்டு நான் கொண்டுவர்றேன். நீங்க தூக்கிட்டு வர வேணாம்."

*

ஞாயிற்றுக்கிழமை நாலு மணி.

மூன்றாவது வரிசையிலிருந்து ஐந்தாவது வரிசை வரை முப்பது வெள்ளைச் சட்டைகள். உட்கார்ந்திருப்பதில்கூட ஓர் அணிவகுப்பு. நட்டநடுவில் இன்ஸ்பெக்டர் சத்தியசீலன், முதுகு நாற்காலியில் படாமல்.

முதல் இரண்டு உருப்படிகள் எப்படிப் போயின என்று ஏகநாதனைக் கேட்டால் தெரியாது. ஊதினார், கை தட்டினார்கள், அவ்வளவுதான். மூன்றாவது ஆரம்பித்தது. தெல்மாவின் பேஸ் நிதானமாக நடக்கத் தொடங்கியது. பியானோ தன் பங்கை வாசித்து ஒதுங்கியது. இப்போது ஏகநாதனின் முறை.

ஸ்டாண்டில் தாள் இருந்தது. பார்த்தார். எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது. ட்ரம்பெட்டை உதட்டில் வைத்தார். முப்பது பேரும் மூச்சை அடக்கிக் காத்திருப்பது அவருக்கு அங்கிருந்தே தெரிந்தது. இன்றோடு மானம் போயிற்று என்று நினைத்துக்கொண்டார்.

அப்போது கீழேயிருந்து ஒரு சத்தம் வந்தது.

அந்தப் பேண்டில் ஒரு வழக்கம். எந்த உருப்படியானாலும் முதலில் வாயால் பாட வேண்டும். பாடி முடித்த பிறகுதான் வாத்தியத்தைத் தொடலாம். சத்தியசீலன் கொண்டுவந்த சட்டம் அது. ஒன்பது மாதமாக வாயிலேயே இருந்த சங்கதி, உரிய இடம் வந்ததும் யாரையும் கேட்காமல் வெளியே வந்துவிட்டது. முதலில் இரண்டு பேர். பிறகு பத்துப் பேர். பிறகு முப்பது பேரும், வாயைத் திறக்காமல், தாளம் தப்பாமல், ரெக்கார்டில் ஏகநாதன் வாசித்ததை வாசித்தபடியே முனகத் தொடங்கினார்கள். சத்தியசீலனின் கட்டைக்குரல் தனியாகக் கேட்டது.

ஏகநாதன் ஊதாமல் நின்றார்.

தாளின் முதல் வரி அவர் இல்லாமலே போய்க்கொண்டிருந்தது. இரண்டாவது வரியும் போயிற்று. ஒரு ஸ்வரம் விடவில்லை. இத்தனை நாள் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டிருந்த பீரோவை நாலு பேர் வந்து வாங்கிக்கொண்டதுபோல இருந்தது அவருக்கு.

தெல்மாவைத் திரும்பிப் பார்த்தார். தெல்மா கண்ணை மூடிக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து ஓர் உதவியும் வராது.

சிவப்பு மை போட்ட இடம் வந்தது. முப்பது பேரும் ஒன்றாக மூச்சு வாங்கினார்கள். அந்த இடைவெளியில் ஏகநாதன் இரண்டு ஸ்வரம் வாசித்தார்.

யாரோ வரிசையில் "அட" என்றார்கள்.

முனகல் தொடர்ந்தது. ஏகநாதன் அதற்குக் கீழே போய் ஒரு பதில் வாசித்தார். பிறகு மேலே போய் ஒரு கேள்வி. சத்தியசீலனின் கட்டைக்குரலைக் கொஞ்சம் சீண்டிப் பார்த்தார், இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாக. மூன்றாவது தாளில் அந்தப் பாழாய்ப்போன இடம் வந்தது. முப்பது பேருக்கும் அங்கே மூச்சு பத்தவில்லை. நாலைந்து பேர் இருமினார்கள். முனகல் உடைந்து சிதறிப்போனது. அரங்கமே சிரித்தது. ஏகநாதனும் ட்ரம்பெட்டுக்குள் சிரித்துவிட்டார், அதுவும் ஒரு சத்தமாக வெளியே வந்தது. நன்றாகத்தான் இருந்தது. அதையே பிடித்துக்கொண்டு போனார். எங்கே போகிறோம் என்று தெரியாமல் போனார். பேஸ் கூடவே வந்தது.

பயம் எந்த இடத்தில் இறங்கிக்கொண்டது என்று அவர் கவனிக்கவில்லை. ஒன்பது மாதத்துக்குப் பிறகு அன்றுதான் நெஞ்சு நிறைய மூச்சு வந்தது. அழுகையும் வரும்போல இருந்தது. வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டார்.

*

கச்சேரி முடிந்து மேடைக்குப் பின்னால் ஏகநாதன் ட்ரம்பெட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். தெல்மா பேஸுக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தார்.

இன்ஸ்பெக்டர் சத்தியசீலன் வந்து நின்றார். ஏகநாதனின் குதிகால்கள் தாமாகவே ஒட்டிக்கொண்டன.

"ஏகநாதன்."

"சார்."

"ரெக்கார்டுல இருக்கிறதுல ஒண்ணுகூட வாசிக்கலயேய்யா நீ?"

இந்தக் கேள்விக்குப் பயந்துதான் அவர் மூன்று மாதம் தூங்காமல் இருந்தார். இப்போது பதில் தயாராக இருந்தது.

"அதுக்குத்தான் நீங்க முப்பது பேர் இருந்தீங்களே சார்" என்றார் ஏகநாதன்.