ஒரு நாட்டுக்கு ஒரு தாலாட்டு

முன்னொரு காலத்தில், ஒரு மத்தியான வேளையில், டமடமவென்று அரண்மனை முரசு அதிர்ந்தது. ஊரெங்கும் தூளியில் உறங்கிய குழந்தைகள் ஒன்றாக வீறிட்டு எழுந்தன.

"இன்று முதல் இந்த நாட்டில் ஒரே தாலாட்டு! தலைமைப் புலவர் அனவரதர் இயற்றி, அரசர் முத்திரையிட்ட தாலாட்டு! வேறு பாட்டுப் பாடும் தாயிடம் பிள்ளை இருக்காது!"

அரசர் செங்கோடவர்மருக்கு இந்த யோசனையைத் தந்தவரே அனவரதர்தான். "அரசே, ஒவ்வொருத்தியும் தன் பிள்ளையை 'ராசா, ராசா' என்று பாடுகிறாள். ஒரு நாட்டில் இத்தனை ராசாக்கள் கிளம்பினால் தங்கள் கதி என்ன?" என்று காதில் ஓதினார். அரசர் பயந்துபோனார்.

புதிய பாட்டில் ராசா கிடையாது. காலியான இடத்தில் புலவர் தம்மையே மாமனாக நுழைத்துக்கொண்டார்.

*மாமன் அனவரதர் மடியிருக்கக் கண்ணுறங்கு,*
*மடியில்வைத்துக் காதுகுத்த நாளிருக்கக் கண்ணுறங்கு.*

சில நாட்களிலேயே, மோர் விற்கும் பவளாயி பிடிபட்டாள். கைக்குழந்தையோடு அவளைச் சபைக்கு இழுத்து வந்தார்கள்.

"என்ன பாடினாய்?" என்று கேட்டார் அரசர்.

"என் ராசா, சடையன் மருமகனே, தூங்குடான்னு பாடினேன் சாமி. சடையன் எங்கண்ணன்."

"பிள்ளையைப் பிரித்தெடுங்கள்!" என்றார் அனவரதர். காவலன் கையை நீட்டினான். குழந்தை தாயின் முந்தானையை இறுகப் பற்றிக்கொண்டது.

அரசவை விகடகவி மூக்கப்பர் குறுக்கே வந்து நின்றார்.

"அரசே, ஒரு நாள் கொடுங்கள். நாளை இவளும் ஊர்த் தாய்மாரும் இங்கே வந்து முத்திரைப் பாட்டையே பாடுவார்கள். பாட்டில் உள்ளபடியே நடந்தும் காட்டுவார்கள்."

மூக்கப்பரை விரட்ட நாள் பார்த்துக்கொண்டிருந்த அனவரதர் குதித்தெழுந்தார். "பிசகினால் பிள்ளையும் போகும், நீரும் நாட்டைவிட்டுப் போக வேண்டும். சம்மதமா?"

"சம்மதம்."

மறுநாள் சபை நிறையத் தாய்மார்கள். இடுப்பில் குழந்தைகள், மொட்டைத் தலைகளில் சந்தனம். ஊசியும் கையுமாக ஓர் ஆசாரி. எல்லோரும் முத்திரைப் பாட்டைப் பிசகில்லாமல் பாடி முடித்தார்கள். அனவரதர் மீசையைத் தடவிக்கொண்டார்.

அடுத்த கணம் ஒருத்தி தன் குழந்தையை அவர் மடியில் பொத்தென்று வைத்தாள். "அண்ணே, புடிங்க உங்க மருமகனை. காது குத்தணும்!"

"என்ன அநியாயம் இது?"

"தாய்மாமன் மடியிலதானே குத்தணும்? பாட்டுல நீங்கதானே மாமன்?"

"என் மகளுக்கும் நீங்கதாண்ணே. தோள்ல இடமிருக்கே, நகருங்க!"

ஒன்று குடுமியைப் பிடித்தது. ஒன்று பட்டு வேட்டியை நனைத்தது. ஆசாரி ஊசியை நீட்ட, எல்லாம் சேர்ந்து அலறின. அனவரதரும் அலறினார்.

"அரசே, காப்பாற்றுங்கள்! இவர்களுக்கு நான் மாமனில்லை! ஒவ்வொரு பிள்ளைக்கும் அதனதன் சொந்த மாமன் இருக்கமாட்டானா?"

"அதைத்தான் அரசே, பவளாயி பாடினாள்" என்றார் மூக்கப்பர்.

தாய்மார்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டார்கள். அரசர் பவளாயியைப் பார்த்தார். "உன் அண்ணன் ஏன் வரவில்லை?"

"உங்க படையில போனான் சாமி. திரும்பல. இவன் அவனைப் பார்த்ததே இல்ல. பாட்டுல மட்டும்தான் இவனுக்கு மாமன் மடி."

அரசர் மெல்லக் கேட்டார்: "ராசா என்று பாடினாயே, அது எதற்கு?"

"உங்க நாட்டைக் கேட்டா சாமி பாடறேன்? என் வீட்டுல அஞ்சு முழத் தூளிதான் இவன் ராஜ்ஜியம். அதையும் தெனம் நனைச்சுப்புடறான்."

அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். பவளாயியை விடுவித்து, முத்திரைப் பாட்டைக் கிழித்துப் போடச் சொன்னார். தம் முத்துமாலையைக் கழற்றி மூக்கப்பர் கழுத்தில் போட்டவர், அப்படியே குனிந்து காதோடு சொன்னார்:

"மூக்கப்பா, அந்தப்புரத்திலும் சொல்லிவிடு. இளவரசனுக்குப் பாடும்போது மகாராணி இனிமேல் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டாம்."