சிறகுக்குள் பூசாத வெள்ளை

பறவைகள் பேசினால் மனிதர்கள் நின்று பதில் சொன்ன அந்தக் காலத்தில், மடையானும் மற்றக் கொக்குகளைப் போல முழுக்க வெள்ளையாக இருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால், கூப்பிடுவது யாராக இருந்தாலும் ‘ஏன்’ என்று கேட்பது அப்போது எல்லா உயிர்களுக்கும் பழக்கம்.

அந்த வருஷம் மழை இல்லை. கண்மாயில் மடையை ஒட்டிய பள்ளத்தில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. யாரும் மடையைத் திறந்துவிடாமல் பார்த்துக்கொள்ள இருளாயியை உட்கார வைத்திருந்தார்கள். பகல் முழுக்கத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பவள் அதற்கு வரும் பறவைகளையும் பார்த்தாள். பார்த்ததை மடைக்கல்லில் வரைய ஆரம்பித்தாள். யாரிடமும் கற்றுக்கொண்டதில்லை. கோரைத் தண்டின் நுனியை மென்று நாராக்கிக்கொள்வாள். மூன்று சிரட்டைகளில் கரி, காவி, வண்டல். வேலம்பிசின் விட்டுக் குழைத்திருப்பாள். காய்ந்துவிட்டால் மழைக்கும் போகாது.

அவள் வரைந்த நாரைக்கு மூன்று கால்கள். அது நடந்துகொண்டே இருந்ததில் ஒரு காலை எங்கே வைப்பது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. மடையானை வரைவது இன்னும் கஷ்டமாக இருந்தது. வெள்ளைக்குச் சுண்ணாம்பு வேண்டும். ஊரில் சுண்ணாம்பு வெற்றிலைக்கே பற்றவில்லை. இருந்த வண்டலை வைத்து வரைந்தாள். கல்லும் அதே நிறம். காய்ந்த பிறகு எங்கே வரைந்தோம் என்று அவளே தேட வேண்டியிருந்தது.

மடையான் ஒன்று வந்து பார்த்தது.

“இதுல நான் எங்க இருக்கேன்?”

“அந்த வெடிப்புக்குப் பக்கத்துல.”

“அது வெடிப்போட நிழல்னு நெனைச்சேன்.”

“சரி, போய் மீனைப் பிடி” என்றாள் இருளாயி.

பெரிய கொக்குகள் கடல் பக்கம் போய்விட்டன. அவ்வளவு தூரம் பறக்க மடையான்களால் முடியாது. பத்து மடையான்கள் அந்தப் பள்ளத்திலேயே தங்கின. அப்போதுதான் சாத்தன் வர ஆரம்பித்தான். இருளாயியின் புருஷனுக்குத் தம்பி முறை. கையில் நீண்ட மூங்கில், நுனியில் நரம்புச் சுருக்கு. கரையின் அந்தக் கோடியிலிருந்தே வெள்ளை தெரியும். பக்கத்தில் வந்து, “மடையானே” என்று கூப்பிடுவான். அது ‘ஏன்’ என்று கழுத்தை நீட்டித் திரும்பும். நீட்டிய கழுத்தில் சுருக்கு விழும். எட்டு நாளில் ஒன்பது போயின.

பத்தாவது, உச்சிப்பொழுதில் இருளாயியிடம் வந்தது. முன்பு படத்தைப் பார்த்துவிட்டுப் போனதும் அதுதான்.

“உன் படம் நல்லா இருக்கு.”

“நிழல் மாதிரி இருக்குன்னு சொன்ன.”

“அதைத்தான் சொல்றேன். என்னையும் அது மாதிரி ஆக்கிரு. வயித்துல முட்டை இருக்கு.”

இருளாயி தண்டைக் கையில் எடுத்தாள். கல்லில் தப்பாகப் போட்டால் அது கல்லோடு போகும். இது மூச்சு விடுகிறது. தொட்ட இடம் துடிக்கிறது. பிசின் காய்ந்தால் அழிக்கவும் முடியாது. முதுகில் வண்டலை அப்பினாள். அது சரியாகவே வந்தது. கழுத்துக்கு வந்தபோது நிமிர்ந்து பார்த்தாள். கரையின் கோடியில் மூங்கில் தெரிந்தது.

கை நடுங்கிவிட்டது. பூச்சு நிரவாமல் கோடு கோடாக இறங்கியது. ஒன்று இங்கே தடித்து, ஒன்று அங்கே அறுந்து. சரிசெய்யப் போனால் இன்னொரு கோடு விழுந்தது.

“அவன் எங்க வர்றான்?” என்று மடையான் கேட்டது.

“ஒத்தப்பனைக்கு வந்துட்டான். சிறகை விரி, உள்பக்கம் பூசணும்.”

“விரிச்சா வெள்ளை தெரியும்.”

“பூசலைன்னாலும் தெரியுமே.”

“மூடியிருந்தாத் தெரியாது. விட்டுரு.”

மடையான் இறங்கிப்போய்ச் சேற்றின் ஓரத்தில் நின்றது. கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டது. இருளாயி ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தாள். அது எங்கே நிற்கிறது என்று அவளுக்கே உடனே தெரியவில்லை.

சாத்தன் மடைக்கல் அருகே வந்து நின்றான்.

“என்ன மதினி, காவலா, கிறுக்கலா?”

“ரெண்டும்தான் கொழுந்தனாரே.”

“வெள்ளையா ஒண்ணு இங்க இறங்குச்சே.”

“கல்லுல ஒண்ணு இருக்கு. வேணும்னா அதைப் பிடிச்சுக்கங்க.”

குனிந்து பார்த்தான். “இது கொக்கா? சாம்பல் கொட்டுன எடம் மாதிரி இருக்கு. அண்ணன் பாவம்தான்.” சிரித்தவன் அவள் கையைப் பார்த்து நிறுத்தினான். “கை ஈரமா இருக்கு. இப்ப எதை வரைஞ்சீங்க?”

கல்லில் எல்லாப் படங்களும் காய்ந்து கிடந்தன. இருளாயி கையைச் சேலையில் துடைத்தாள். துடைத்த பிறகுதான் துடைத்திருக்கக் கூடாது என்று தோன்றியது.

சாத்தன் பள்ளத்தின் பக்கம் திரும்பினான்.

“மடையானே.”

சேற்றோரத்தில் ஒரு தொண்டை ஏறி இறங்கியதை இருளாயி பார்த்தாள். ‘ஏன்’ அங்கே வந்து நின்றுவிட்டது.

“மடையானே” என்றான் மறுபடியும். பதில் வராதது அவனுக்குப் புதிது. மூங்கிலை ஊன்றிக்கொண்டு சேற்றில் இறங்கி நடந்தான். நேராக அதை நோக்கியே நடந்தான். அவனுக்குத் தெரிந்துவிட்டதா, தெரியாமல்தான் போகிறானா என்று இருளாயிக்கு விளங்கவில்லை. நில்லுங்கள் என்று சொன்னாலும் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகும். இன்னும் நாலடி. இன்னும் இரண்டடி. தூக்கிய கால் மடையானின் முதுகுக்கு நேர்மேலே வந்தது.

அப்போது அது பறந்தது. வெறும் சேறு வெடித்து வெள்ளையானது போல இருந்தது. விழுங்கி வைத்திருந்த ‘ஏன்’ உடைந்து ஒரு கரகரத்த சத்தமாக வெளியே வந்தது. சாத்தன் சேற்றில் மல்லாக்க விழுந்தான். மூங்கில் பள்ளத்துத் தண்ணீரில் விழுந்தது. எழுந்து உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொள்வதற்குள் அந்த வெள்ளை கருவேலங்களைத் தாண்டி எங்கேயோ இறங்கி அணைந்துவிட்டது.

“மதினி, அது எங்கேருந்து வந்துச்சு?”

“உங்க காலுக்கு அடியிலேருந்து.”

அவன் தன் காலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மறுநாளும் வந்தான். அதற்கு மறுநாளும் வந்தான்.

இருளாயி ஒரு சிரட்டை வண்டலைக் காயவிடாமல் தண்ணீர் தெளித்து வைத்திருந்தாள். “விட்டுப்போனதை முடிச்சுருவோம், விரி” என்பாள். மடையான் வரும், முதலில் கரையைப் பார்க்கும், சிறகை விரிக்காது. அதற்குள் முட்டைகள் பொரிந்தன. குஞ்சுகளுக்கு இறகு முளைத்தபோது இருளாயி போய்ப் பார்த்தாள். கழுத்தில் அதே கோடுகள், தடித்த இடத்தில் தடித்து, அறுந்த இடத்தில் அறுந்து. தன் கை நடுக்கத்தை அவளுக்கு அடையாளம் தெரிந்தது. சிறகின் உள்பக்கம் வெள்ளை. சிரட்டையில் இருந்ததை அவள் பள்ளத்திலேயே கவிழ்த்துவிட்டாள்.

யார் கூப்பிட்டாலும் மடையான் பதில் சொல்லாததும், நம் கால் மேலே விழப்போகும் வரை சேற்றோடு சேறாக நிற்பதும் அன்று முதல்தான். சிறகுக்குள் பூசாமல் விட்டது அதற்கு இன்னும் ஞாபகமிருக்கிறது.