அழுக்கே படியாத ஃபில்டர்

குவாரிமேட்டில் லூர்துமேரி என்றொரு பைக் மெக்கானிக் இருந்தார். வயது முப்பத்தாறு. அவரிடம் தொழில் கற்க வந்தவர் தணிகாசலம். வயது ஐம்பத்திரண்டு. கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், வண்டிக்கு யார் வயது தெரியப்போகிறது?

தணிகாசலம் அதற்கு முன் இருபத்திரண்டு வருஷம் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். முழங்கால் படியேற மறுத்த பிறகு இங்கே வந்தார். அவர் லூர்துமேரியை மாஸ்டர் என்பார். லூர்துமேரி அவரை அண்ணே என்பார். இரண்டு பேருக்கும் இதில் குழப்பமில்லை.

குவாரிமேட்டில் காற்றென்பது பாதி கல்மாவு. டிப்பர் லாரி ஒன்று போனால் எதிர்க்கடைப் போர்டு கொஞ்ச நேரம் தெரியாது. தினமும் அந்த ரோட்டில் வருகிற வண்டியின் ஏர் ஃபில்டரை மாதம் ஒருமுறை கழற்றினால், சாம்பலில் புரட்டி எடுத்த அப்பளம் மாதிரி இருக்கும்.

தணிகாசலத்துக்கு அழுக்கு என்றாலே ஆகாது. கண்டக்டராக இருந்தபோதே காக்கிச் சட்டைக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி போட்டவர். ஒவ்வொரு மாதமும் தன் வண்டி ஃபில்டரைக் கையில் வைத்துக்கொண்டு, "சே, என்ன கருமம் இது" என்பார்.

ஒருநாள் டவுனுக்குப் போனார். உதிரிபாகக் கடைக்காரர் மூன்று ஃபில்டர்களை எடுத்து வைத்தார். ஒன்று மடிப்பு மடிப்பாகக் காகிதம். ஒன்று ஸ்பாஞ்சு. மூன்றாவது, சிவப்பு மூடி போட்ட கம்பிவலை, புனல் மாதிரி. "இதை ஆயுசுக்கும் மாத்த வேண்டாம்ணே" என்றார் கடைக்காரர்.

தணிகாசலம் போன் போட்டார்.

"எதை வாங்கட்டும் மாஸ்டர்?"

"வெளிச்சத்துல தூக்கிப் பாருங்க. எதுல வெளிச்சம் பொத்துக்கிட்டுத் தெரியுதோ, அதை விட்டுருங்க."

"சிவப்புல பளிச்சுன்னு தெரியுது. அப்ப காத்து தாராளமாப் போகும்ல?"

"காத்து போகும்."

லூர்துமேரி எதையும் இரண்டு தடவை சொல்ல மாட்டார். தணிகாசலம் சிவப்பையே வாங்கினார். மறுநாள் வண்டியின் சத்தமே மாறியிருந்தது. கேட்கக் கேட்க அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்று மாதம் போயிற்று.

ஒரு காலையில் கல் உடைக்கிற கிரஷரின் சூப்பர்வைசர் ஒருவர் வந்து கடை வாசலில் நின்று கத்தினார். அவர் வண்டிக்குப் பிரேக் கேபிள் வந்திருக்கவில்லை. "வயசு மட்டும் ஆச்சு, மண்டையில ஒண்ணும் கிடையாது" என்றார். இன்னும் என்னென்னவோ சொன்னார். தணிகாசலம் சிரித்த முகமாக நின்றார். "சரிங்க சார். நாளைக்கு வந்துரும் சார்."

அவர் போனதும் தணிகாசலம் டீ குடித்தார்.

"கோவம் வரலியாண்ணே?"

"வராது மாஸ்டர். கண்டக்டர் வேலையில கேக்காத பேச்சா? இந்தப் பக்கம் வாங்கி அந்தப் பக்கம் விட்டுருவேன். என் மேல ஒண்ணும் ஒட்டாது."

லூர்துமேரி ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

தணிகாசலம் டம்ளரைக் கீழே வைத்தார். "உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும் மாஸ்டர்" என்றார்.

"கேளுங்க."

"வீட்ல செங்கமலம் கோச்சுக்கிட்டு அவ அண்ணன் வீட்டுக்குப் போயி பதினோரு நாளாச்சு. போன் எடுக்க மாட்டேங்குறா. நாளைக்கு மச்சான் வந்து அவ தையல் மெஷினை எடுத்துட்டுப் போறாராம். மெஷினே போகுதுன்னா, அப்புறம் அவ எங்க திரும்பி வரப்போறா?" கீழே வைத்த டம்ளரை மறுபடி எடுத்தார். "ஊர்ல யாரை வேணும்னாலும் கேளுங்க, தணிகாசலம் மாதிரிப் பொறுமைசாலி உண்டான்னு. குடி கிடையாது. வம்புதும்பு கிடையாது. அவளுக்கு என்ன குறை வெச்சேன்? சொல்லுங்க."

"வீட்லயும் இப்படித்தான் சிரிச்ச முகமா இருப்பீங்களா?"

"வீடுன்னா வீடுதானே மாஸ்டர். குழம்புல உப்பு ஏறினா நாலு வார்த்தை சொல்லுவேன். அன்னிக்குத் தட்டு கைதவறிச் செவுத்துல பட்டுருச்சு. எந்த வீட்ல இல்ல?"

லூர்துமேரி வாசலில் நின்ற தணிகாசலத்தின் வண்டியைப் பார்த்தார்.

"காலையில வரும்போது புகை தள்ளுச்சே."

"ஆமா. ஆயிலும் குறையுது. ஏன்னே தெரியல."

"ஃபில்டரைக் கழட்டுங்க."

தணிகாசலத்தின் முகம் தெளிந்தது. இந்த ஒரு விஷயத்தில் அவர் மார்தட்டிக்கொள்ளலாம். கழற்றி எடுத்து, மாஸ்டர் கண்முன் நீட்டினார்.

"பாருங்க. மூணு மாசம் இதே ரோடு, இதே புழுதி. ஒரு பொட்டு அழுக்கு இருக்கா? பூ மாதிரி இருக்கு!"

உண்மைதான். கடையில் வாங்கிய அன்று இருந்த மாதிரியே மின்னியது.

லூர்துமேரி வெள்ளை பனியன் துணியில் ஒரு துண்டு கிழித்துக் கொடுத்தார்.

"அந்த ஃபில்டருக்குப் பின்னால கார்புரேட்டருக்குக் காத்து போற குழாய் இருக்குல்ல. அதுக்குள்ள விட்டுத் துடைங்க."

தணிகாசலம் துணியை விரலில் சுற்றி உள்ளே விட்டார். வெளியே எடுத்தபோது துணி வெள்ளையாக இல்லை. சாம்பல் நிறத்தில், ஆட்டிய மாவு மாதிரி, கெட்டியாக அப்பியிருந்தது. கட்டைவிரலால் தேய்த்தார். நறநறவென்றது.

"ஐயையோ! ஃபில்டர்ல ஒண்ணுமே இல்லையே மாஸ்டர்!"

"அதான்."

அவர் துணியைப் பார்த்தார். ஃபில்டரைப் பார்த்தார். மறுபடி துணியைப் பார்த்தார்.

லூர்துமேரி பழைய சாமான் டப்பாவுக்குள் கையை விட்டார். மூன்று மாதத்துக்கு முன் தணிகாசலம் கருமம் என்று வீசிய காகித ஃபில்டர் அங்கேயே கிடந்தது. அதை எடுத்துத் தூசி பறக்காமல் மெல்லத் திருப்பி, இன்ஜினைப் பார்க்கிற பக்கத்தைக் காட்டினார். அந்தப் பக்கம் வெள்ளையாகவே இருந்தது.

பிறகு அலமாரியிலிருந்து புதுக் காகித ஃபில்டர் ஒன்றை எடுத்து வந்தார். ஓர ரப்பரை விரலால் ஒரு சுற்று தடவிப் பார்த்து, தணிகாசலத்தின் கையில் கொடுத்தார்.

தணிகாசலம் அதை மாட்டவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"செங்கமலம் விஷயம் கேட்டேனே மாஸ்டர். அதுக்கு நீங்க பதிலே சொல்லல."

"இருபத்திரண்டு வருஷம் பஸ்ல ஏச்சு வாங்குனீங்க. இங்க வந்து மூணு வருஷம் வாங்குறீங்க. ஒண்ணும் ஒட்டலன்னீங்க." லூர்துமேரி சிவப்பு ஃபில்டரை அவர் மடியில் வைத்தார். "அப்ப அதெல்லாம் எங்கண்ணே போச்சு?"

ஒரு டிப்பர் போயிற்று. எதிர்க்கடைப் போர்டு மறைந்து, மெல்லத் திரும்பத் தெரிந்தது. தணிகாசலம் கையிலிருந்த துணியை மடித்தார். மடித்ததையே பிரித்தார். சுவரில் பட்டுக் கீழே விழுந்த தட்டு அவருக்கு ஞாபகம் வந்தது. கீழே குனிந்து சோற்றுப் பருக்கையைப் பொறுக்கிய செங்கமலத்தின் கை ஞாபகம் வந்தது. அது கைதவறி விழுந்ததல்ல என்று அந்தக் கைக்கும் தெரிந்திருக்கும். அவருக்குப் பயமாக இருந்தது.

"தேறுமா மாஸ்டர்?"

"மூணு மாசம்தானே. பிஸ்டன் ரிங் மாத்திட்டா தேறிரும்."

"நான் வண்டியைக் கேக்கல."

லூர்துமேரி அவர் பக்கம் திரும்பினார்.

"எவ்வளவு உள்ள போயிருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? அண்ணிக்குத்தான் தெரியும்."

தணிகாசலம் எழுந்தார். குழாயடியில் கை கழுவினார். சோப்பு போட்டும் விரலிடுக்கில் சாம்பல் நிறம் போகவில்லை. வண்டியின் பக்கம் திரும்பினார். அது ஃபில்டர் இல்லாமல் நின்றது.

"அது இங்கயே கிடக்கட்டும். பஸ்ல போங்க" என்றார் லூர்துமேரி.

"போய் என்ன சொல்ல மாஸ்டர்?"

"ஒண்ணும் சொல்லாதீங்க. அண்ணி சொல்லுவாங்க. எல்லாம் சொல்லி முடிக்கட்டும். இந்தத் தடவை ஒட்டட்டும்."