மயில் அரசன் எழுந்து ஓடிய சபை

ஏழு பேர் சேர்ந்து வருவார்கள். ஏழு பேருக்கும் அழுக்குப் பழுப்பில் ஒரே சட்டை. தரையில் தத்தித் தத்திப் போவார்கள். ஒரு நொடிகூட வாயை மூட மாட்டார்கள். யார் அவர்கள்?

தவிட்டுக்குருவிகள். சரியாகச் சொன்னீர்கள். ஆனால் ஏன் வாயை மூடுவதில்லை? அதுதான் கடினமான கேள்வி.

அந்தக் காலத்தில், பறவைகள் எல்லாம் ஒரே மொழி பேசியபோது, மயில்தான் அரசன். ஒரு கோடையில் காடு முழுவதும் வறண்டு, ஒரே ஒரு குளத்தில் மட்டும் தண்ணீர் மிஞ்சியது.

"இனி இந்தக் குளம் எனக்கு மட்டும்" என்றது மயில்.

"சபையைக் கூட்டாமல் அப்படிச் சொல்ல முடியாது, அரசே" என்றது அமைச்சர் கொக்கு.

ஆலமரத்தடியில் சபை கூடியது. அதற்குப் பழைய விதி ஒன்று உண்டு. சபையில் பேச்சு ஓய்ந்த பிறகுதான் அரசன் சொல் சட்டமாகும். அதற்குள் எழுந்துபோனவர், அரசனே ஆனாலும், மறுபடி வந்து உட்கார முடியாது. அவர் சொல்லும் செல்லாது.

கிளி இரண்டு வார்த்தை பேசியது. காகம் திட்டிவிட்டுப் பறந்தது. மற்றவர்கள் பயந்து நழுவினார்கள். அரசனையும் கொக்கையும் தவிர மிஞ்சியவர்கள் தவிட்டுக்குருவிச் சகோதரிகள் ஆறு பேரும், மூத்தவளின் குஞ்சும்தான்.

"முடிந்ததா?" என்றது மயில்.

"எங்கே முடிந்தது? இப்போதுதானே ஆரம்பிக்கிறேன்" என்றாள் மூத்தவள்.

முதல் நாள் குளத்தைப் பற்றிப் பேசினார்கள். இரண்டாம் நாள் இலந்தை முள், எறும்புப் புற்று, இளையவளின் மாமியார் என்று பேச்சு நீண்டது.

"மாமியாருக்கும் குளத்துக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று மயில் கத்தியது.

"அவளும் தண்ணீர்தானே குடிக்கிறாள்? குறுக்கே பேசாதீர்கள்!"

மயில் தலையைத் தோகைக்குள் புதைத்துக்கொண்டது. "கொக்கே, இந்தப் பாழாய்ப்போன விதியைப் போட்டது யார்?"

"உங்கள் தாத்தா, அரசே."

மூன்றாம் நாள் நண்பகலில் ஆறு பேருக்கும் தொண்டை கட்டிவிட்டது. குஞ்சு மட்டும் பேசியது. அதற்குத் தெரிந்தது ஒரே கதை: தன் அலகிலிருந்து தப்பிய வெட்டுக்கிளியின் கதை. அதையே திரும்பத் திரும்பச் சொன்னது.

மயில் கொக்குக்குக் கண்ணைக் காட்டியது. கொக்குக்கும் சலித்துப்போயிருந்தது. இடம் போனால் போகட்டும் என்று எழுந்துபோய், தாமரை இலையில் தண்ணீர் கொண்டுவந்து குஞ்சின் முன்னால் வைத்தது.

"பாவம், நாக்கு வறண்டுபோச்சே. ஒரே ஒரு வாய் குடி, கண்ணு" என்று குழைந்தது மயில்.

குடிக்கும் வாய் பேசாது. மூத்தவளுக்கு அது புரிந்தது; சொல்லத்தான் குரல் இல்லை.

குஞ்சு தண்ணீரைப் பார்த்தது. எச்சில் விழுங்கியது.

"அப்புறம் அந்த வெட்டுக்கிளி என்ன செய்தது தெரியுமா..."

மயில் துள்ளி எழுந்தது. "போதும்! உங்கள் குளமும் வேண்டாம், வெட்டுக்கிளியும் வேண்டாம்!" என்று காடு அதிர அலறிக்கொண்டே ஓடியது.

எழுந்துபோன அரசனின் சொல் செல்லாமல்போக, குளம் எல்லோருக்கும் பொதுவாகவே இருந்தது. மயில் இன்றும் அப்படியேதான் அலறுகிறது. தவிட்டுக்குருவிகளும், பேச்சு ஓய்ந்து அந்தச் சபை முடிந்தால் அரசன் புதுச் சபை கூட்டத் திரும்பி வந்துவிடுவானோ என்று, இன்றுவரை வாயை மூடவில்லை.

குஞ்சு அந்த இலைத் தண்ணீரைக் குடிக்கவில்லை.